எண்ணலும் அளத்தலும்

‘ஒன்று’, ‘பல’ என்ற வேறுபாட்டைத் தன் பெயர்ச்சொற்களிற் காட்டாத ஒரு மொழியிற் பிறந்து வளர்ந்தவன், உலகத்துப் பொருள்களைத் தனித்தனியே பிரித்தறியும் ஆற்றலிற் குறைந்தவனாவானா? இவ்வாறு நேராக வினவினால் எவரும் இல்லையென்றே விடையிறுப்பர். ஆயினும், ஆங்கிலங் கற்கும் யப்பானிய மாணவன் ஒருவன் பன்மை விகுதியை விட்டு எழுதும்போதும், வேண்டாத இடத்தில் அதைச் சேர்த்து எழுதும்போதும், அவனுடைய சிந்தனையே தெளிவற்றது என்ற எண்ணம் திருத்துவோர் மனத்தில் மெல்லப் புகுந்துவிடுகின்றது. அவ்வெண்ணம் மாணவன் மனத்திலும் புகுந்துவிடுவதே இதிலுள்ள பெருங் கேடு. ஓர் இலக்கணப் பிழை மனிதனை மதிப்பிடும் அளவுகோலாக மாறும் விதத்தை ஆராய்வதற்கு யப்பானியரின் அனுபவம் மிகப் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டு.

ஆங்கிலத்திலே ஒரு பெயர்ச்சொல்லை வாயெடுத்துச் சொல்வதற்கு முன்னரே பேசுபவன் ஒரு முடிவுக்கு வந்தாகவேண்டும். தான் குறிப்பது எண்ணத்தகு பொருளா, எண்ணத்தகாப் பொருளா? எண்ணத்தகுவதாயின் ஒன்றா, பலவா? கேட்பவனுக்கு முன்பே தெரிந்ததா, புதியதா? இம்மூன்றையுந் தீர்மானித்த பின்னரே ‘ஏ’ என்றோ ‘த’ என்றோ தொடங்கவும், ஈற்றில் ‘எஸ்’ சேர்க்கவோ சேர்க்காது விடவோ முடியும். இவற்றுள் எதையும் சொல்லாமல் விட்டுவிடும் உரிமை அம்மொழி பேசுவோர்க்கு இல்லை.

யப்பானிய மொழியில் அவ்வுரிமை உண்டு. புத்தகம் வாங்கினேன் என்று ஒருவன் சொன்னால் ஒன்றை வாங்கினானா, ஒன்பதை வாங்கினானா என்பது அவ்வாக்கியத்தில் இல்லை. வேண்டுமாயிற் சொல்லலாம், வேண்டாவிடின் விடலாம். தமிழறிந்தோர்க்கு இதில் வியப்பதற்கு அதிகமில்லை. நம் இலக்கணகாரர் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்று ஒரு வகையை வைத்திருக்கின்றனர். மரம் வளர்ந்தது, மரம் வளர்ந்தன என்னும் இரண்டிலும் மரம் மரமாகவே நிற்கின்றது. ஒருமை பன்மை வினையினாலே விளங்குகின்றது. பத்து மாடு வாங்கினான் என்று ஊரிற் சொல்பவனை எவரும் எண்ணத் தெரியாதவன் என்று இகழ்வதில்லை. யப்பானிய மொழியில் வினையும் எண்ணைக் காட்டுவதில்லை என்பதே வேறுபாடு.

ஆனால் எண்ணவேண்டிய இடம் வரும்போது அம்மொழி காட்டும் நுட்பம் ஆங்கிலத்தில் இல்லாதது. எண்ணுப் பெயரை நேராகப் பொருளோடு ஒட்டுவது அங்கு பெரும்பாலும் மரபன்று; இடையிலே பொருளின் இனத்தைக் குறிக்கும் எண்ணலகு ஒன்று வரவேண்டும். தட்டையான பொருளுக்கு ‘மாய்’, நூலுக்கு ‘சத்சு’, சிறு விலங்குக்கு ‘ஹிக்கி’, பெரு விலங்குக்குத் தலையென்று பொருள்படும் ‘தோ’, மனிதருக்கு ‘நின்’, மதிப்போடு சொல்லுமிடத்து ‘மேய்’. நீண்டு மெலிந்த பொருளுக்கு ‘ஹொன்’. பென்சிலும் போத்தலும் மரமும் இவ்வலகாலே எண்ணப்படும் என்பது எளிதில் விளங்கும். தொலைபேசி அழைப்பும், திரைப்படமும், ஊசிமருந்து ஏற்றுவதும் அதே அலகால் எண்ணப்படுவதைக் காணும்போதுதான், நீட்சி என்ற கருத்து எவ்வளவு தூரம் நீட்டப்பட்டிருக்கிறது என்று புலனாகும். பறவைக்குரிய ‘வா’ என்ற அலகினாலே முயலையும் எண்ணுகின்றனர். நாற்கால் விலங்கின் ஊனை விலக்கிய துறவிகள் முயலைப் பறவையாக்கி உண்டனர் என்று அதற்கொரு கதை வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, இலக்கணத்தை வயிற்றுக்கேற்ப வளைக்கலாம் என்று நம்பிய மக்கள் உயிருள்ள மக்களே.

இத்தகைய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும் மாணவனின் பிழைகள் இருவகைப்படும். முதலாவது, வேண்டியதை விடுதல்: ‘ஏ’, ‘த’ ஆகியவற்றையும் பன்மை விகுதியையும் மறத்தல். ஆண்டுகள் பல கற்றுத் தேறியோரிடத்தும் இது எஞ்சி நிற்கும். இரண்டாவது, வேண்டாததைச் சேர்த்தல்: ‘இன்பர்மேசன்ஸ்’, ‘அட்வைசஸ்’, ‘பர்னிச்சர்ஸ்’ என்றெழுதுதல். பின்னதைக் கண்டு நம் ஆசிரியர்கள் புன்னகை செய்யலாம்; நம் மாணவரும் நாள்தோறும் எழுதுவது இதுவேயன்றோ? எனினும் வேர் வேறு. தமிழில் தகவல்கள், அறிவுரைகள், தளபாடங்கள் என்று ‘கள்’ விகுதி இயல்பாக ஒட்டுகின்றது. நம் மாணவன் அதை மொழிபெயர்க்கிறான். யப்பானிய மாணவனுக்கு மொழிபெயர்ப்பதற்கு அங்கே எதுவுமில்லை. பல பொருள் இருந்தால் ‘எஸ்’ வேண்டும் என்று தனக்குக் கற்பித்த விதியை அவன் நேர்மையாகப் பின்பற்றுகின்றான். வீட்டிலே நாற்காலியும் மேசையும் அலுமாரியும் இருக்கின்றன, மூன்று பொருள், ஆகவே பன்மை. அவனுடைய தருக்கத்திற் குற்றமில்லை. குற்றம் எங்கேயெனின், பர்னிச்சர் என்ற சொல்லைத் தண்ணீரையும் மணலையும் போல நடத்தும் ஆங்கிலத்தின் வழக்கத்திலே உள்ளது.

குற்றமென்ற சொல் கடுமையானதாயின் தற்செயல் என்போம். பிரெஞ்சு மொழியில் தளபாடமும் தகவலும் எண்ணப்படும். முற்காலத்து ஆங்கிலத்திலேயே ‘இன்பர்மேசன்ஸ்’ என்று எழுதியோர் உண்டு. கோதுமை அம்மொழியில் எண்ணப்படாது. ஓட்ஸ் என்னும் தானியமோ பன்மையில் வரும். அரிசி எண்ணப்படாது, அரிசியிலும் சிறிய விதைகள் பல எண்ணப்படும். பட்டாணிக்கு ‘பீஸ்’ என்பதே பழைய ஆங்கிலச் சொல். அது ஒருமை, அளக்கப்படும் பொருளின் பெயர். அதன் ஈற்றொலியைப் பன்மை விகுதியென மயங்கிய மக்கள், பதினேழாம் நூற்றாண்டளவில் அவ்வொலியை வெட்டிப் ‘பீ’ என்றொரு புதிய ஒருமையைப் படைத்துவிட்டனர். பட்டாணி எவ்வாறிருந்ததோ அவ்வாறேயிருந்தது. யப்பானியரோ நிலக்கடலைக்கு வழங்கும் ஆங்கிலச் சொல்லைப் பன்மை விகுதியோடு சேர்த்தே கடன்வாங்கி, ஒரு கடலையையும் ‘பீனாற்சு’ என்கின்றனர். இங்கிலாந்து உழவன் செய்தால் மொழி வரலாறு. யப்பானிய மாணவன் செய்தால் பிழை. இந்த வேறுபாட்டை இலக்கணம் விதிக்கவில்லை, அதிகாரம் விதித்தது.

அதிகாரத்தின் முன் தாய்மொழி கூனிக்குறுகிய வரலாறு யப்பானுக்கும் உண்டு. 1872 இல், வாசிங்டனில் யப்பானின் பிரதிநிதியாயிருந்த மோரி அரினோரி, தம் நாட்டின் வருங்காலத்துக்கு ஆங்கிலமே ஏற்றதென எண்ணி, அதன் ஒழுங்கற்ற வினைவடிவங்களை நீக்கி எளிமையாக்கி யப்பானுக்கு வழங்கலாமா என்று அமெரிக்க மொழியறிஞர் விற்னிக்குக் கடிதம் வரைந்தார். சொந்த மொழியைக் கைவிட வேண்டாமென்பதே விற்னியின் அறிவுரையாயிருந்தது. அந்த மோரியே 1885 இல் யப்பானின் முதலாவது கல்வி அமைச்சரானார். போரிலே தோற்ற பின்னர், 1946 இல், புகழ்பெற்ற எழுத்தாளராகிய சிகா நவோயா யப்பானிய மொழி குறைபாடுடையது, பிரெஞ்சைத் தேசிய மொழியாக்கலாம் என்று எழுதினார். தமக்குப் பிரெஞ்சு தெரியாதென்றும் அவரே கூறிக்கொண்டார். தெரியாத மொழி தெளிவானதென்றும், தாம் அழியாத சிறுகதைகளை எழுதிய மொழி தெளிவற்றதென்றும் ஒரு பெரும் எழுத்தாளரை நம்பச் செய்த சக்தி, மொழியியல் நூல் எதிலும் அகப்படாது.

தாழ்வுணர்ச்சிக்கு எதிர்ப்புறத்திலே தற்பெருமை நிற்கும். நாடு செல்வத்திற் செழித்த 1970 களிலும் அதன் பின்னரும், யப்பானியரின் மொழியும் மூளையும் உலகில் எவருக்கும் இல்லாத தனித்தன்மை வாய்ந்தவை என்று நிறுவ முயன்ற நூல்கள் அந்நாட்டிலே பெருகின. சுனோதா தடனோபு என்னும் மருத்துவர் 1978 இல் யப்பானிய மூளை பற்றி எழுதிய நூல் இவற்றுட் பலராலும் படிக்கப்பட்டது. பன்மையில்லாத மொழி, ஆகவே தனிமனிதனைப் பிரித்துக் காணாத கூட்டுமனம். ஆகவே முதலாளியும் தொழிலாளியும் ஒரே குடும்பம் என்ற முடிவுக்கு இத்தகைய சிந்தனை எவ்வளவு எளிதாக வழுக்கிச் செல்லும் என்பதை வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தொழிலாளி தன் சம்பளத்தை எண்ணும்போது எந்த மொழியிலும் தவறாமலே எண்ணுகின்றான்.

ஆயினும், இகழ்ச்சியையும் தற்பெருமையையும் ஒதுக்கிய பின்னரும் மெய்யியற் கேள்வி ஒன்று எஞ்சுகின்றது. மொழி நம் காட்சியை ஒரு சிறிதும் உருவாக்குவதில்லையா? அமெரிக்கரான பெஞ்சமின் வோர்வ், 1941 இல் மறைந்தவர், இதே எண்ணத்தகாப் பெயர்களை எடுத்துக்கொண்டே தம் வாதத்தை அமைத்தார். ஒரு குவளை தண்ணீர், ஒரு துண்டு துணி என ஐரோப்பிய மொழிகள் கொள்கலத்தையும் கொள்பொருளையும் இரண்டாகப் பிரித்து வழங்குவதால், உருவம் வேறு, உருவமற்ற சடப்பொருள் வேறு என்ற எண்ணம் அம்மக்களுக்கு இயல்பான உண்மையாகத் தோன்றுகின்றதென்பது அவர் கருத்து. ஐரோப்பியத் தத்துவத்தின் தூணொன்றை இலக்கணத்தின் நிழலென்று காட்டிய துணிவு பாராட்டத்தக்கது. ஆனால் நிழலைக் காட்டியவர் தூண் இல்லையென்று நிறுவினாரல்லர்.

குவைன் என்னும் தருக்க நூலறிஞர் 1968 இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் யப்பானிய எண்ணலகையே உதாரணமாக்கினார். ஐந்து எருதுகள் என்பதற்கு யப்பானிய மொழியில் எண், அலகு, எருது என மூன்று உறுப்புக்கள் உள்ளன. இதை இருவிதமாக விளக்கலாம். எருது என்ற சொல் தனித்தனி எருதுகளைக் குறிக்கிறது, அலகு எண்ணோடு சேர்ந்து விலங்குகளுக்குரிய எண்ணாகிறது என்பது ஒன்று. அச்சொல் மாட்டினத்தை ஒட்டுமொத்தமாகக் குறிக்கிறது, அலகே அதிலிருந்து ‘தலை தலையாக’ப் பிரித்தெடுக்கிறது என்பது மற்றையது. எவ்விளக்கத்தைக் கொண்டாலும் முழுத் தொடரின் பொருள் மாறுவதில்லை. கொட்டிலில் நிற்கும் எருதுகளும் ஐந்தே. ஆகவே அச்சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது என்ற வினாவுக்கு, பேசுவோரின் நடத்தை முழுவதையும் கண்டறிந்தாலும் ஒரே விடை கிடையாதென்பது குவைன் கொண்ட முடிபு. இதில் எனக்கு ஓர் ஐயம். யப்பானிய உழவனுக்குத் தன் எருது எதுவென்பதில் ஐயமே இல்லை; அடுத்தவன் வயலில் அது மேய்ந்தால் எந்த எருது என்று இருவரும் அறிவர். தத்துவாசிரியனுக்குத் தீராத புதிர், ஏரிலே பூட்டும்போது தீர்ந்துவிடுகின்றது. குவைன் சொல்லை நோக்கினார். சொல் பிறக்கும் தொழிலை நோக்கவில்லை.

வாதத்தால் முடியாததைச் சோதனையால் அணுகினோரும் உண்டு. இமாய் முத்சுமி, டெட்ரே கென்ற்னர் என்னும் இருவர் 1997 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முக்கியமானது. யப்பானியக் குழந்தைகளுக்கும் அமெரிக்கக் குழந்தைகளுக்கும், இரண்டு வயது முதல் நான்கு வயது வரையுள்ளோர்க்கு, ஒரு பொருளைக் காட்டிப் புனைந்த பெயரொன்றைச் சொன்னார்கள். பின்னர், அதே வடிவில் வேறொன்றாலான பொருளையும், அதே பொருளின் உருவம் மாறிய துண்டுகளையும் காட்டி, அப்பெயர் எதற்குரியதென்று கேட்டார்கள். உறுப்புக்கள் அமைந்து பயன்பாடு தெளிவாகத் தோன்றும் கருவி போன்றவற்றில் இரு நாட்டுக் குழந்தைகளும் வடிவத்தையே தேர்ந்தன. மெழுகிலே செய்த எளிய வளைவுத் துண்டு போன்றவற்றிலேதான் பிரிவு தோன்றியது. அமெரிக்கக் குழந்தைகள் வடிவத்தின் பக்கம் சாய்ந்தன. யப்பானியக் குழந்தைகளிடம் அச்சாய்வு காணப்படவில்லை.

ஆகவே தெளிவான பொருளில் உலகம் நமக்குச் சொல்கிறது. தெளிவற்ற எல்லையிலே மொழி நம் காதில் ஓதுகிறது. அவ்வோதலும் எவ்வளவு ஆழமானது? சூசன் கேரியும் உடன் ஆய்ந்தோரும் 2009 இல் வெளியிட்ட சோதனைகளில், புதிய சொல்லொன்றின் பொருளை ஊகிக்கச் சொன்னபோது மொழிவழி வேறுபாடு தோன்றியது. சொல்லை நீக்கிவிட்டுப் பொருளை மட்டும் நோக்கச் சொன்னபோது அது மறைந்தது. டேவிட் பார்னரும் யெசி சினெடெக்கரும் 2005 இல் ஆங்கிலம் பேசுவோரிடம் வினவிய முறையும் குறிப்பிடத்தக்கது. ஒருவனிடம் பெரியவை இரண்டு, மற்றவனிடம் சிறியவை ஆறு, யாரிடம் அதிகம்? சப்பாத்தாயின் ஆறுடையவன். பற்பசையாயின் பெருங் குவியலுடையவன். பர்னிச்சராயின்? இலக்கணம் அதைத் தண்ணீரோடு சேர்த்திருந்தும், மக்கள் எண்ணிக்கையாலேயே விடை கூறினர். பின்னர் யப்பானியரிடத்தும் இத்தகைய வினாக்கள் எழுப்பப்பட்டன. எண்ணத்தகு பெயரென்ற இலக்கணமே இல்லாத அவர்களும் சப்பாத்தை எண்ணினர், பற்பசையை அளந்தனர். மொழி கண்ணைக் கட்டிவிடவில்லை. அது ஒரு பழக்கத்தைத் தருகின்றது. பழக்கம் வலியது, ஆயினும் மாற்றத்தக்கது.

இனி வகுப்பறைக்கு வருவோம். எண்ணத்தகுவது, எண்ணத்தகாதது என்ற குறியீடுகளை ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் அருகேயும் பொறிக்கும் மரபு பரவியதிலே யப்பானிய வகுப்பறைக்குப் பெரும் பங்குண்டு. ஹரல்ட் பாமர் 1922 இல் கல்வி அமைச்சின் ஆலோசகராக அந்நாடு சென்று, அடுத்த ஆண்டு தோக்கியோவில் ஆங்கிலப் போதனை ஆய்வு நிலையத்தை நிறுவினார். 1924 இல் ஆசிரியராகச் சென்ற ஹோர்ன்பி பின்னர் அப்பணியிற் சேர்ந்தார். அவரும் துணைவர் இருவரும் தொகுத்த அகராதி 1942 இலே, இரு நாடுகளும் போரிட்டுக்கொண்டிருக்கையில், தோக்கியோவில் அச்சாயிற்று. அதையே 1948 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. இன்று நம் பாடசாலை நூலகங்களிற் கிடக்கும் ஒக்ஸ்போர்ட் மாணவர் அகராதியின் மூதாதை அது. யப்பானியப் பிள்ளை இடறிய இடங்களைக் கண்டு வைத்த கைவிளக்கு நமக்கும் வழி காட்டியிருக்கின்றது.

விளக்கே தடையானதும் உண்டு. ஒவ்வொரு சொல்லும் பிறவியிலேயே எண்ணத்தகுவது அல்லது எண்ணத்தகாதது என்று மாணவன் மனனஞ் செய்யத் தொடங்கினான். மெய்யிலோ தெரிவு பேசுபவனுடையது. அமெரிக்கரான மார்க் பீற்றர்சன், யப்பானியரின் ஆங்கிலம் பற்றி 1988 இல் யப்பானிய மொழியிலேயே எழுதிய சிறு நூலில், கோழியிறைச்சி உண்டதைச் சொல்லவந்து ‘ஏ சிக்கன்’ என்றெழுதியவனின் கதையைக் கூறுகின்றார். அந்த ஓரெழுத்தால் அவன் ஒரு முழுக் கோழியைப் பிடித்துத் தின்றவனாகி விடுகின்றான். பெயரைத் தெரிந்தெடுத்து அதன்மேல் ‘ஏ’யை அணிவதில்லை, ‘ஏ’யென்ற கருத்துப் பிறந்த பின்னரே பெயர் அதிலே வந்து அமர்கின்றதென்பது அவர் விளக்கம். இதனை மனனத்தாற் பெறமுடியாது.

நுழைவுத் தேர்வு மனனத்தையே கேட்கும். ஆங்கிலம் யப்பானியர்க்கு வேண்டுமா என்று 1974 இல் அரசியல்வாதி ஹிரயிசுமி வத்தாருவும், அடுத்த ஆண்டு அவருக்கு மறுப்பெழுதிய பேராசிரியர் வத்தனாபே சோயிச்சியும் நிகழ்த்திய வாதம் புகழ்பெற்றது. எல்லோரையும் வருத்தாமல் மக்களில் நூற்றுக்கு ஐவர் திறம்படக் கற்றாற் போதுமென்றார் முன்னவர். பேசப் பயன்படாவிடினும் அறிவைத் தீட்டும் பயிற்சி அதுவென்றார் பின்னவர். அந்த ஐவர் எவருடைய பிள்ளைகளாயிருப்பர் என்ற வினாவே என் மனத்தில் முதலில் எழுகின்றது. 1979 இலே தொடங்கிய ‘ரோயிக்’ தேர்வு, காலப்போக்கில் வேலைக்கும் பதவியுயர்வுக்கும் வாயிலாயிற்று. விடுபட்ட விகுதியொன்று ஒருவனின் சம்பளத்தைத் தொடும் நிலை அது.

இதனாலே தோழர் சிலர், ஆங்கில இலக்கணப் பிழை என்பதே ஏகாதிபத்தியத்தின் கற்பனை, அதைத் திருத்தாது விடுவதே மாணவனுக்குச் செய்யும் நீதி என்பர். நான் இதற்கு உடன்படேன். திருத்தாது விடப்பட்ட பிழையால் நட்டமடைபவன், தனியாசிரியர் வைக்க வழியற்றவனின் மகனே. செல்வன் வீட்டுப் பிள்ளை ‘இன்பர்மேசன்’ என்ற சொல்லைப் பன்மையாக்கக் கூடாதென்பதை உணவு மேசையிலேயே கற்றுவிடும். வழக்கை வழக்கென்று சொல்லிக் கற்பிக்க வேண்டும். அறிவின் கட்டளையென்று பொய்சொல்லிக் கற்பிக்கலாகாது. ‘பர்னிச்சர்ஸ்’ என்றெழுதிய மாணவனுக்கு, நீ கூறிய காரணம் சரி, ஆங்கிலேயன் அக்காரணத்தைப் பின்பற்றவில்லை என்று சொல்வதற்கு ஆசிரியனுக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நாற்பத்தைந்து பிள்ளைகள் நிறைந்த வகுப்பிலே கண்டுபிடிப்பது எளிதன்று என்பதையும் அறிவேன்.

யப்பானிய மாணவனுக்கோ அவ்வாசிரியன் இன்னுமொன்று காட்டலாம். நம் இலக்கணத்தில் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகை அளவைகள் கூறப்படுகின்றன. எண்ணலும் அளவையுள் ஒன்றே. ஆங்கிலத்தின் எண்ணத்தகாப் பெயர்களும் அவ்வாறே அளவையின் துணையோடு எண்ணப்படுகின்றன. காகிதத்தை ஆங்கிலேயன் நேரே எண்ணுவதில்லை. ‘ஏ சீற் ஒவ் பேப்பர்’ என்கின்றான். யப்பானியன் ‘காமி இச்சி-மாய்’ என்கின்றான்: காகிதம், ஒரு தாள். இரண்டும் ஒரே அமைப்பு. ஆங்கிலப் பெயர்களுள் ஒரு பகுதி, யப்பானியப் பெயர்கள் யாவும் நடப்பதுபோலவே நடக்கின்றன; அப்பகுதியின் இலக்கணத்தை அவன் பள்ளிக்கு வருமுன்னரே அறிவான். கோழியும் அவ்வாறே. முற்றத்திலே திரியும் கோழிக்கு அவன் மொழியில் ‘நிவத்தோரி’ என்று பெயர். ஆங்கிலத்திலிருந்து கடன்பெற்ற ‘சிக்கின்’ தட்டிலிருக்கும் இறைச்சிக்கே வழங்கும். உயிருள்ளதைப் பறவைக்குரிய ‘வா’ அலகால் எண்ணுவான். இறைச்சியைத் துண்டுக்குரிய ‘கிரே’ அலகால் எண்ணுவான். நீ உண்டது எந்த அலகுக்குரியது என்று வினவினால், ‘ஏ’ வேண்டுமா வேண்டாமா என்பதை அவனே கண்டுகொள்வான்.